பொருள்: சீன் மாத்தினா நோட் தொங்கிட்டே இருக்கு, இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க

வணக்கம் சப்போர்ட் டீம்,

இதே பிரச்சனைக்கு ஏற்கனவே டிக்கெட் போட்டேன், நீங்க "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டீங்க. எதுவும் தீரல. அதனால இந்த தடவ நீளமாவே எழுதறேன், முழுசா படிச்சிட்டு பதில் போடுங்க.

கீபோர்டுல அமுக்கறத சரியான சவுண்டுக்கு அனுப்பி வைக்கற உங்க மிடி ரூட்டிங் சாஃப்ட்வேர லைவ்ல வாசிக்கறதுக்குன்னேதான் வாங்குனேன். செட்டப் ஒண்ணும் பெருசில்ல, ஒரே மாடல்ல ரெண்டு கீபோர்டு, ஒரு லேப்டாப், நடுவுல நீங்க. கீழ இருக்கறதுல பியானோ, மேல இருக்கறதுல இடது பக்கம் ஸ்ட்ரிங்ஸ் வலது பக்கம் லீட், அடுத்த பாட்டுக்கு வேற கலவை, இப்படி ஒவ்வொரு கலவையும் ஒரு சீன், ஃபுட்ஸ்விட்ச்ச மிதிச்சா அடுத்த சீன். "ஒரே மிதியில தடங்கலில்லாம மாறும்"னு விளம்பரத்துல போட்டிருக்கீங்க. மாறுது, இல்லங்கல. ஆனா மாறும்போது கையில எந்த நோட்ட அமுக்கி பிடிச்சிருக்கேனோ அது அதுக்கப்புறம் நிக்கவே மாட்டேங்குது.

நடக்கறது இதுதான். ஸ்ட்ரிங்ஸ்ல ஒரு கார்ட் பிடிக்கறேன், நோட் ஆன், அதாவது கீய அமுக்கின தகவல், ஸ்ட்ரிங்ஸ் இருக்கற சேனல் 1க்கு போகுது. பிடிச்சபடியே மிதிக்கறேன், புது சீன்ல அதே கீபோர்டு சேனல் 2க்கு ரூட் ஆகியிருக்கு. இப்ப கைய எடுத்தா வர்ற நோட் ஆஃப்ப உங்க சாஃப்ட்வேர் சேனல் 2க்கு அனுப்பிடுது, சேனல் 1ல இருக்கற ஸ்ட்ரிங்ஸுக்கு நான் கைய எடுத்த விஷயமே தெரியாம அது பாட்டுக்கு இழுத்துட்டே கெடக்கு. புது சீன்ல டிரான்ஸ்போஸ், அதாவது சுருதி மாத்தறது, வேற இருந்தா இன்னும் மோசம், சேனல் ஒண்ணாவே இருந்தாலும் 60ன்னு ஆன் ஆன நோட்டுக்கு 62ன்னு ஆஃப் போகுது. இது என் ஊகம் இல்லீங்க. உள்ள வர்ற போர்ட்லயும் வெளிய போற போர்ட்லயும் மிடி மானிட்டர் வச்சு பார்த்துட்டேன், லாக் ஃபைல் அந்த டிக்கெட்லயே இருக்கு, யாராவது திறந்து பார்த்தீங்களான்னுதான் தெரியல.

ஏன்னா உங்ககிட்டருந்து வந்த பதில் அப்படி. முதல்ல டிரைவர மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கன்னீங்க. அப்புறம் ஆடியோ பஃபர ஏத்துங்கன்னீங்க. பஃபர ஏத்தினா சத்தம் லேட்டா வரும், தப்பான சேனலுக்கு போன நோட் ஆஃப் எப்படிங்க திரும்பி வரும்? கடைசியா ஒருத்தர் "உங்க கீபோர்டு நோட் ஆஃப்பே அனுப்பல, கீபோர்டுதான் கோளாறு"ன்னு எழுதியிருக்காரு. இதுக்குத்தான் எனக்கு நெஜமா கோவம் வந்துச்சு. என் கீபோர்டு வெலாசிட்டி, அதாவது கீய அமுக்கற வேகம், 0 போட்ட நோட் ஆன் அனுப்புது, அதுவும் நோட் ஆஃப்தான். மிடி ஸ்டாண்டர்டுலயே இருக்கற விஷயம், எத்தனையோ கீபோர்டு இப்படித்தான் அனுப்பும். செகண்டுக்கு 31,250 பிட் மட்டுமே போற பழைய கேபிள்ல இது என்ன மாதிரி தகவல்னு சொல்ற ஸ்டேட்டஸ் பைட்ட திரும்ப திரும்ப அனுப்பாம மிச்சம் பிடிக்கறதுக்கு அது ரொம்ப உதவும். மிடி ரூட்டர் விக்கற கம்பெனிக்கு இத கஸ்டமர் சொல்லித் தரணுமா?

சரி, தொங்கினா பேனிக் பட்டன் இருக்கேன்னு நீங்க சொல்லலாம். அதையும் பார்த்தாச்சு. அது எல்லா சேனலுக்கும் சிசி 123, அதாவது எல்லா நோட்டையும் நிறுத்துங்கற கட்டளை, மட்டும் அனுப்புது. நோட்ட நீட்டிப் பிடிக்கற சஸ்டெய்ன் பெடல் மிதில இருந்தப்ப சீன் மாறியிருந்தா மிதிய விட்ட தகவல், அதான் சிசி 64 மதிப்பு 0, அதுவும் புது சேனலுக்குத்தான் போயிருக்கும். பழைய சேனல் இன்னும் பெடல் கீழ இருக்குன்னே நம்பிட்டு இருக்கு. பெடல் கீழ இருக்கற வரைக்கும் 123 வந்தாலும் நோட்ட நிறுத்தக்கூடாதுங்கறதுதான் விதி, அந்த சவுண்ட் மாட்யூல் ஒழுங்காத்தான் நடந்துக்குது. முதல்ல 64ஐ 0 பண்ணிட்டு அப்புறம் 123 அனுப்புங்க, இல்ல நேரா 120 அனுப்பி சத்தத்தையே வெட்டுங்க. இது அரை நாள் வேலை கூட இருக்காதுன்னு நெனக்கறேன்.

மெயின் பிரச்சனைக்கும் வழி இருக்கு. ஒரு நோட் ஆன் எந்த போர்ட்டு, எந்த சேனல், எந்த நம்பர்ல வெளிய போச்சுன்னு ஞாபகம் வச்சுக்கணும், அதோட ஆஃப் வரும்போது இப்ப எந்த சீன்னு பார்க்காம அதே இடத்துக்கு அனுப்பணும். பெடலுக்கும் அதே கணக்குதான். குடி மாறிப் போனவங்களுக்கு வந்த லெட்டர புதுசா குடி வந்தவங்க கையில குடுத்துட்டு டெலிவரி ஆச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு இப்ப நீங்க பண்றது.

"கைய எடுத்துட்டு மிதிங்க"ன்னு மட்டும் திரும்ப எழுதாதீங்க ப்ளீஸ். ஸ்ட்ரிங்ஸ் நீண்டுட்டு இருக்கும்போதே அதுக்கு மேல லீட் வரணும், அந்த இடத்துக்காகத்தான் இந்த சாஃப்ட்வேரே. கைய எடுக்கணும்னா கீபோர்டுல இருக்கற பட்டனையே அமுக்கிட்டு போயிருப்பேனே.

இன்னொண்ணு, இது சின்னதுதான் ஆனா மேடையில உயிர வாங்குது. ரெண்டு கீபோர்டும் ஒரே மாடல்ங்கறதால யூஎஸ்பி கேபிள கழட்டி மாட்டினா உங்க லிஸ்ட்ல ரெண்டும் இடம் மாறிடுது, பியானோ மேல போயிடுது. இதுல ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் பங்கு இருக்குன்னு தெரியும். ஆனா நானே பேரு வச்சு, ஒரு கீய தட்டி "இதுதான் கீழ் கீபோர்டு"ன்னு காட்டிக்கற மாதிரி ஒரு வசதியாவது குடுக்கலாமே.

எனக்கு வேண்டியது ரெண்டுல ஒண்ணு. நோட் ஆஃப் விஷயத்த எந்த அப்டேட்ல சரி பண்றீங்கன்னு தேதியோட எழுத்துல சொல்லுங்க, இல்லன்னா முழு பணத்தையும் திருப்பி குடுங்க. கூப்பனோ அடுத்த வெர்ஷனுக்கு தள்ளுபடியோ வேண்டாம். பதில் எழுதறவரு அந்த லாக்க திறந்து பார்த்துட்டு எழுதட்டும், டிக்கெட்ட நான் சொல்ற வரைக்கும் மூடாதீங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், இப்போதைக்கு