அடிதடி மட்டுமா டாம் அண்ட் ஜெர்ரி?

ஐயா,

குழந்தைகள் தொலைக்காட்சி குறித்த தங்கள் கட்டுரை 'டாம் அண்ட் ஜெர்ரி'யை வெறும் அடிதடி என ஒதுக்கியது ஏற்புடையதல்ல. 1940 முதல் 1958 வரை ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக இயக்குநர்கள் ஹன்னாவும் பார்பெராவும் உருவாக்கிய அந்தக் குறும்படங்கள் ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றவை. அடி விழுகிறது, சரி. ஆனால் பெரும்பாலும் வசனமே இல்லாத கதையை நடத்திச் செல்வது ஸ்காட் பிராட்லியின் இசை. பூனை ஓடினால் வயலின்களும் ஓடும்! 1947-இல் வெளிவந்த பியானோ கச்சேரிப் படம் முழுக்க இசைமேதை லிஸ்ட்டின் 'ஹங்கேரிய ராப்சோடி' என்ற பியானோ இசைதான். அதை வேறோர் இடத்தில் கேட்டதும், "இது டாம் வாசிச்சது" என்றாள் என் பேத்தி.

ஆனால் எங்கள் வீட்டில் வரும் சேனல், கலைஞர்களின் பெயர் வரும் தொடக்கப் பகுதியை வெட்டிவிடுகிறது. படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர் விவரங்களுடன் முழுமையாக ஒளிபரப்பலாமே. தங்கள் சிறுவர் பகுதியிலும் வாரம் ஒரு படத்தை அறிமுகப்படுத்தலாம்.