'ஓட்டு' இருந்துவிட்டுப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஓட்டு' ஆங்கிலத்தின் சிதைவு, குடவோலை கண்ட இனத்தின் பத்திரிகைகள் 'வாக்கு' என்று மட்டுமே எழுத வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். உசிலம்பட்டியில் 36 வருஷமாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன். இரண்டு சொல்லையும் ஈயத்திலும் மரத்திலும் கோத்தவன், இப்போது கம்ப்யூட்டரில் தட்டுகிறவன். அதனால் எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

கையால் அச்சுக் கோத்த காலத்தில் தேர்தல் வந்தால் எங்களுக்கு வரும் தட்டுப்பாடு 'டு'. போஸ்டருக்கென்று இருந்த மர எழுத்தில் ஒவ்வொன்றும் நாலைந்துதான் இருக்கும். 'ஓட்டுப் போடுங்கள்' என்று ஒரு வரி கோத்தால் அதிலேயே இரண்டு 'டு' போய்விடும். வேட்பாளர் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் ஒன்றிரண்டு போனால் பெட்டி காலி. உடனே என் அப்பா அதைப் பிரித்துவிட்டு 'வாக்களிப்பீர்' என்று கோக்கச் சொல்லுவார். கட்சிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல தமிழ்ல போட்டிருக்கீங்கண்ணே" என்று மெச்சிவிட்டுப் போவார். 'டு' தீர்ந்துபோன கதையை நாங்கள் வெளியே சொன்னதில்லை.

அப்படி ஒரு போஸ்டரின் புரூஃபை வீட்டில் வைத்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து கேட்டது இது: "நம்மகிட்ட எதுக்குடா வாக்குக் கேக்குறான்? கோடாங்கிகிட்டப் போகச் சொல்லு."

எங்கள் பக்கம் வாக்கு என்றால் முதலில் அதுதான். குறி சொல்லும் கோடாங்கி உடுக்கடித்துச் சொல்வது வாக்கு. அப்புறம், பெண் தருகிறேன் என்று கொடுத்த வாக்கு, கடனை ஆடியில் தீர்த்துவிடுகிறேன் என்று கொடுத்த வாக்கு. எல்லாமே நாலு பேர் காதில் விழ வாயால் சொல்வது. சொல்லிவிட்டு மாறினால் ஊர் கேட்கும். ஓட்டு அப்படியா? அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் யாருக்குப் போட்டோம் என்று கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சட்டசபையில் 'ஆம்', 'இல்லை' என்று குரல் கொடுக்கிறார்களே, அதற்குக் 'குரல் வாக்கெடுப்பு' என்பது அழகாகப் பொருந்துகிறது. சாவடிக்குள் யாரும் வாயே திறப்பதில்லை.

சரி, ஆங்கிலச் சொல் என்பது குற்றமா? வாக்கும் வடமொழியிலிருந்து வந்ததுதான். முன்னால் குடிவந்தவர் பின்னால் குடிவந்தவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிற மாதிரி இருக்கிறது. பழைய பத்திரிகைகளில் 'வோட்டு', 'வோட்டர்' என்று இருக்கும். தமிழ் நாக்குக்கு அந்த முன் வகரம் இடித்தது, கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டு ஆக்கிக்கொண்டது. அதிலிருந்து கள்ள ஓட்டு, செல்லாத ஓட்டு, ஓட்டைப் பிரிப்பது எல்லாம் வந்துவிட்டன. 'கள்ள வாக்கு' என்று சொல்லிப் பாருங்கள், பொய்ச் சத்தியம் பண்ணின மாதிரிதான் கேட்கும்.

'போடுவது' என்பதும் சும்மா வரவில்லை. 1952 தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டியைத் தேடிச் சீட்டை உள்ளே போட வேண்டும். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்துவிட்டது, அமுக்குகிறோம், சொல்வது மட்டும் 'போட்டாச்சு'. இன்றைக்கும் என்னிடம் வரும் மேட்டரில் 'பொன்னான வாக்குகளை முத்திரையிட்டு' என்றே இருக்கும். திருத்தலாமா என்று யோசிப்பேன். 2019 ஊராட்சித் தேர்தலில் திருத்தாமல் விட்டதே நல்லதாகப் போயிற்று. வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலு சீட்டில் முத்திரை குத்திவிட்டு வந்தோம்.

குடவோலை பற்றி ஒன்று. உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளுக்குரியவை. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. முப்பது குடும்புகளிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தத் தகுதி என்ன? கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்றும் இருக்கிறது, அதைப் படித்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆனாலும் அது ஏலச்சீட்டில் குலுக்கி எடுக்கிற மாதிரிதான். ஊரில் யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை, வாக்கும் அளிக்கவில்லை.

எங்களிடம் பைண்டிங் வேலை பார்த்த ஒருவர் இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருந்தவர். மாதிரி வாக்குச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தபோது, "இதிலே புள்ளடி எங்கே போடுறது?" என்று கேட்டார். அங்கே சீட்டில் போடும் பெருக்கல் குறிக்குப் புள்ளடி என்று பெயராம். பறவையின் காலடி. இப்படி ஒரு சொல்லை நாமும் வைத்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. அவர் அன்று கட்டு கட்டாக எண்ணி அடுக்கிய சீட்டில் எதுவும் அவருக்கானது இல்லை. அவருக்கு இங்கே ஓட்டு கிடையாது.

உங்கள் தலைப்புகளில் வாக்கு என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுநாற்காலியில் வரும் ஏதாவது ஒரு பாட்டி 'நான் வாக்களிக்கத் தவறியதே இல்லை' என்று கூறியதாகப் போடுகிறீர்களே, எந்த ஊர்ப் பாட்டி ஐயா அப்படிப் பேசுகிறார்? இந்தக் கடிதத்தை இடத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ளலாம். அம்மா சொன்னதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அச்சகத்துக்காரர் ஒருவர்,
உசிலம்பட்டி.