‘அவன் அப்பாவும் இப்படித்தான்’

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் தெரபிஸ்டுகளுக்கும் வணக்கம்.

என் மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது அவனுக்கு மூன்றரை வயது. இரண்டு வயதிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சுற்றும் ஃபேனையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு கிடப்பான். மாமியார் சொன்னார்: “அவன் அப்பாவும் இப்படித்தான். நாலு வயசுலதான் வாயைத் திறந்தான். சரியாப் போயிடும்.” நாங்கள் காட்டிய குழந்தை மருத்துவரும் அதைக் கேட்டுத் தலையாட்டி அனுப்பிவிட்டார். ஒன்றரை ஆண்டு போய்விட்டது.

மாமியார் சொன்னது பொய்யில்லை. அதுதான் முதல் துப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் கணவர் கல்யாண மண்டபத்துக்குள் மேளச் சத்தம் தாங்காமல் வாசலிலேயே நிற்பார். முகம் பார்த்துப் பேச மாட்டார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘திமிர் பிடித்தவன்’. மகனைப் பற்றி மையத்தில் கேட்ட கேள்விகளையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர், வெளியே வந்ததும் “இது எல்லாமே எனக்கும் இருக்கே” என்றார். அன்று இரவு அவர் தூங்கவில்லை. பெரியவர்களுக்கு எங்கே பார்ப்பார்கள் என்று விசாரித்தோம். ஆளுக்கு ஓர் இடத்தைக் கை காட்டினார்கள்.

பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே சொன்னார்கள். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையில் உருவான 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருமுட்டைகளில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அதன்பின் மேலும் மேலும் உறுதியாகிவந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் செய்தி “யார் பக்கத்து ரத்தம்?” என்ற சண்டையாகத்தான் வந்து சேர்ந்தது. பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, சில மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவே வரலாம், இதில் யார் மீதும் குற்றமில்லை. இதை நான் சொன்னால் எடுபடாது. தாத்தா பாட்டியையும் கூப்பிட்டு வைத்து நீங்கள் சொல்ல வேண்டும்.

அப்புறம் என் மகள். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் இருக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அவள் பிறந்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘கூச்ச சுபாவம், பெண் பிள்ளைதானே’ என்று அவளையும் ஐந்து வயது வரை விட்டுவிட்டோம். ஒரு பிள்ளைக்கு உறுதி செய்யும் அன்றே, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேளுங்கள். பதினெட்டாம் மாதமும் இருபத்து நான்காம் மாதமும் அந்தக் குழந்தையைக் கூட்டிவரச் சொல்லி, தேதியைக் கையில் எழுதிக் கொடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் தெரபி என்றால் ஒரே நாளில் வையுங்கள். இரண்டு பேருந்து மாறி வருகிறோம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அது குழந்தைகளுக்கு மட்டுமான சட்டம் இல்லை. ஒரு பாட்டி உங்கள் முன்னால் “அவன் அப்பாவும் இப்படித்தான்” என்றால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அந்த அப்பாவுக்கும் ஒரு வழி காட்டுங்கள்.

இப்போது பிள்ளைகளைத் தெரபிக்குக் கூட்டிவருபவர் என் கணவர்தான். முடிந்தால் கூட்டம் சேருவதற்கு முன், காலை முதல் நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்