உப்புக்கு அடுத்து அன்னாசிப்பூ

அன்புள்ள மீனா,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதை மொத்தமாகத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். உன் இடுப்பு வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்கு ஆட்டெலும்புச் சூப் வைத்தேன். கைக்கு வந்தபடி ஐந்து அன்னாசிப்பூவைப் போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவும் விட்டேன். முதல் கரண்டியிலேயே இவர் நிமிர்ந்து, "யாருக்கு இருமல்?" என்றார். அவ்வளவுதான். முன்பு உப்பை அள்ளிக் கொட்டி மாட்டிக்கொண்டேனே, அந்த விவகாரத்துக்கு ஒரு தங்கச்சி பிறந்துவிட்டது. உன் அண்ணனிடம் மூச்சு விடாதே.

எனக்குத்தான் ரோஷம் அதிகமாயிற்றே, உட்கார்ந்து படித்தேன். அந்த மணம் அனெத்தோல் என்ற பொருளால் வருவது, சோம்பிலும் அதேதான். தண்ணீரில் லேசில் கரையாது, எண்ணெயில் கரையும். சூப்பின் மேலே மிதந்த கொழுப்பு முழுக்க அதைக் குடித்து வைத்திருந்தது! பூ என்கிறோமே தவிர, அது காய். பச்சையாகப் பறித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். மணம் பளபளக்கும் விதையைவிட மரக்கட்டை மாதிரி இருக்கும் ஓட்டில்தான் அதிகம். நான் இத்தனை நாளும் விதை உதிர்ந்ததைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரே ஒரு பூ. இளஞ்சூட்டு எண்ணெயில் போட்டு, மணம் எழுந்ததும் வெங்காயம். சூப் கொதித்து இருபது நிமிடத்தில் பூவை எடுத்து வெளியே போட்டேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

சரி, சிரித்தது போதும். பிறக்கப்போகிற பேரக்குழந்தை வயிற்று உப்புசத்தில் அழுதால் அன்னாசிப்பூ காய்ச்சிய தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அன்றே பதில் போட்டிருந்தால், "கொடு, என்ன ஆகிவிடப்போகிறது" என்றுதான் எழுதியிருப்பேன். நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இதே உருவத்தில் ஜப்பானிய வகை ஒன்று இருக்கிறது, அது நஞ்சு. இரண்டும் கலந்து வந்தால் வெறும் கண்ணால் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. அன்னாசிப்பூத் தேநீர் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்புகூட வந்து, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் எச்சரிக்கை விட்டது. ஒரு சொட்டுகூட வேண்டாம் மீனா. குழந்தை அழுதால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.

உன் மகளுக்கு அடுத்த மாதம்தானே பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள்? சம்பந்தியம்மா கைவைத்தியம் என்று ஆரம்பித்தால் பழியை என் தலையில் போடு. அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே என்னைப் பிடிக்காது.

உன்,
ராஜி