ஓவியம் படிக்க நினைக்கும் பிள்ளைக்குத் தேடல் ஏடு கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

"நான் ஓவியம் படிக்கப் போகிறேன்" என்று பிளஸ் ஒன் பிள்ளை வந்து நின்றால், முதலில் பிளஸ் டூவை முடி என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அங்கேதான் காலம் போகிறது. என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) நுழைவுத்தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் நாள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். பரீட்சை எழுதிவிட்டு விசாரிக்கிற பிள்ளைக்கு ஓராண்டு வீண். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளுக்கு அதன்பின் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் கையில் கொண்டுபோவது பெரும்பாலும் செல்போன் படத்தைப் பார்த்து வரைந்த நடிகர் முகங்கள். கை பழகியிருப்பது அதில் தெரியும், எதைப் பார்த்து வளர்ந்த கண் என்பது தெரியாது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. பிளஸ் ஒன் ஜூன் மாதத்திலிருந்து, கலை படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வாரம் 2 பாடவேளையும் ஆளுக்கொரு தேடல் ஏடும் கொடுங்கள்.

ஏடு என்றால் கோடு போடாத, கெட்டி அட்டை போட்ட 200 பக்க நோட்டு. ஒவ்வொரு பதிவிலும் தேதி, ஊர், பொருளின் அளவு, எதனால் ஆனது, எந்த வரிசையில் செய்யப்பட்டது ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். முதலில் வரைய வேண்டும், பிறகுதான் படம் எடுக்க வேண்டும். படம் முதலில் வந்துவிட்டால் கண் ஓய்ந்துவிடும், தூணின் பருமனும் விளிம்பின் சரிவும் கைக்குள் இறங்காது. எடுக்கும் படத்திலும் பொருளுக்குப் பக்கத்தில் ஓர் அடிஸ்கேல் கிடக்கட்டும். அளவு தெரியாத படம் பின்னால் எதற்கும் உதவாது.

யாரிடமிருந்து கற்பது? மூன்று பேர் போதும். பத்துப் பேரின் பெயரை எழுதி வைக்கிற பிள்ளை ஒருவரையும் உற்றுப் பார்ப்பதில்லை.

முதலாவது, சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு கைவினைஞர். தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் செய்யும் கூடத்தில் ஒரு பகல் உட்காரச் சொல்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரைத்த கலர் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, கடைசியில் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பார்ப்பார்கள். கல்லின் முகம் கண்ணாடியில் கவிழ்ந்து கிடப்பதால், செய்தவருக்கே அது கடைசியில்தான் தெரியும். கலர் நீர்த்துப்போனால் பக்கத்து அறைக்குள் ஓடிவிடும். அச்சைச் சாய்த்துத் தூக்கினால் கோடு கலையும். நீரில் ஊறும் காலத்தைக் குறைத்தால் கல்லுக்கு வலு வராது. இவ்வளவையும் ஏட்டில் எழுதிய பிள்ளைக்குப் பின்னோக்கித் திட்டமிடும் பழக்கம் வந்துவிடும். தகட்டிலோ கட்டையிலோ செதுக்கித் தாளில் பதிக்கும் அச்சு ஓவியம் படிக்கப் போனால் அது நேராகவே கைகொடுக்கும்.

இரண்டாவது, இந்த மண்ணிலிருந்து போனவர் ஒருவர். பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்த கணபதி ஸ்தபதி மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை அவர் வடித்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருந்துகொண்டே நூல்களும் இதழ்களும் நோட்டீசுகளும் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் நிற்கிறது. கலைத்தொழிலுக்குள் எத்தனை வழி உண்டு என்பதை இந்த இருவரை வைத்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம். மூன்றாமவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம், ஆனால் அவருடைய ஒரு படைப்பையாவது அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது நல்ல அச்சில்.

பார்த்ததை அப்படியே நகலெடுத்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தை எடுத்துக்கொண்டால், முதல் முறை அளவு பிசகாமல் வரையட்டும். இரண்டாம் முறை நிறத்தை வைத்துக்கொண்டு கட்டத்தை மாற்றட்டும். மூன்றாம் முறை கட்டத்தை வைத்துக்கொண்டு நிறத்தை மாற்றட்டும். எது போனால் கண்டாங்கி கண்டாங்கியாக இல்லாமல் போகிறது என்பது மூன்றாவதில் பிடிபடும்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு கேள்வி கட்டாயம்: இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? இதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம், ஆனால் வாழ்க்கைத் திட்டமே இதில்தான் இருக்கிறது. சதுர அடிக் கூலி என்ன, ஒரு வேலைக்கு எத்தனை நாள், வேலை தருவது வீட்டுக்காரரா, ஓட்டலா, கட்டடக் கலைஞரா, சினிமாக் கலை இயக்குநரா? வேலை மும்முரம் இல்லாத நேரத்தில் மரியாதையாகக் கேட்டால் கைவினைஞர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

பிளஸ் ஒன் முடிவதற்குள் இதிலிருந்து ஒரு பக்கத் திட்டம் வர வேண்டும்: வளர்க்க வேண்டிய திறன், சேர வேண்டிய கல்லூரி, அது கிடைக்காவிட்டால் யாரிடம் பயிற்சி, முதல் 3 ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து. 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுக்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற காலத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். அந்தச் சான்றை இப்போதிருந்தே ஆண்டுவாரியாக எழுதிக் கொடுப்பது ஓவிய ஆசிரியரின் வேலை.

இன்னொன்றும் வேண்டும், பிள்ளைகள் உள்ளே போய் வரைய இந்த ஊர்ப் பழைய வீடுகள். வளவும் (நடு முற்றம்) பட்டாலையும் (உயர்த்திக் கட்டிய கூடம்) உள்ள வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் பலர் சேர்ந்து சரி சொன்னால்தான் திறக்கும். பிள்ளை தனியாகப் போய்க் கேட்டால் நடக்காது. பள்ளி முத்திரையுடன் ஒரு மாதம் முன்பே கடிதம் போக வேண்டும், உடன் ஓர் ஆசிரியர் வருவார் என்றும் சுவரைத் தொடமாட்டார்கள், ஃபிளாஷ் போடமாட்டார்கள் என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். வீட்டில் விசேஷம் இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். வரைந்ததில் ஒரு பிரதியை வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டும் கதவு திறக்கும்.

மே மாதம் கால அட்டவணை போடும்போதே அந்த 2 பாடவேளைகளையும் அடுத்தடுத்து வரும்படி வையுங்கள். தனித்தனியாக விழுந்தால் ஆத்தங்குடிக்குப் போய்த் திரும்பவே நேரம் பற்றாது.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரக் கலை ஆசிரியர்கள் சிலர்