உள்ளங்கையில் ஒரு புகைப்படம்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பியிருந்த சீனக் கலைஞர் ஷெங் சியின் படத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புப் பின்புலத்தில் விரிந்திருக்கும் இடது கை, சுண்டுவிரல் இல்லாமல் மூடிப்போன ஓரம், உள்ளங்கையில் அவருடைய சிறுவயதுக் கறுப்பு வெள்ளைப் படம். வேறொன்றும் இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த மாணவர் போராட்டத்தைச் சீன அரசு துப்பாக்கியால் ஒடுக்கிய பிறகு, அவர் அந்த விரலைத் தானே வெட்டிப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். பெற்றவனாக அந்தச் செயலை என்னால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் ரோமிலும் லண்டனிலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1990களின் இறுதியில் பெய்ஜிங் திரும்பி, அந்தக் கையையே கேமராவின் முன் வைத்தாரே, அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஒரு படத்தில் அதே உள்ளங்கையில் மாவோ இருக்கிறார், இன்னொன்றில் ஷெங் சியின் அம்மா. அந்த அம்மாவின் படத்தில்தான் நான் நின்றுவிட்டேன். தான் பெற்றுக் கொடுத்த ஐந்தில் ஒன்று குறைந்த கைக்குள் அவர் இருப்பதைப் பார்க்கும்போது, ஒரு நாட்டில் நடந்தது ஒரு வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்துவிடுகிறது என்று நெஞ்சு கனக்கிறது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் வறுமையால் ரத்தம் விற்று எய்ட்ஸுக்கு ஆளான விவசாயிகளைப் படமெடுத்த லூ குவாங்கைப் பற்றி நீ முன்பே சொல்லியிருக்கிறாய். அவர் பிறருடைய காயத்தின் அருகே போய் நின்றவர். ஷெங் சிக்குத் தன் கையே போதுமானதாக இருந்தது.

என் இடது ஆள்காட்டி விரலைப் பற்றி நீ சிறுவயதில் கேட்டபோதெல்லாம் அப்பாவின் கவனக்குறைவு என்றுதான் சொன்னேன். அது உண்மையில்லை அம்மா. அச்சகத்தில் வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கட்டிங் மெஷினின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். விரல் நுனி போன பிறகு, மருத்துவச் செலவைக் கொடுத்துவிட்டுத் தவறு என்னுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேலை போய்விடக் கூடாதே என்று நானும் வலது கையால் கையெழுத்துப் போட்டேன். அன்று முதல் எந்தப் படத்திலும் அந்தக் கை தெரியாமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அது மாலைக்கு அடியில்தான் இருக்கிறது.

போன வருடம் என் கையைப் படமெடுக்கட்டுமா என்று நீ கேட்டபோது நான் கோபப்பட்டது நினைவிருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கேமராவை எடுத்து வா. அச்சக வாசலில் நாங்கள் ஏழு பேர் நின்று எடுத்துக்கொண்ட பழைய படம் ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதில் என் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். உள்ளங்கையில் அதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா