கூட்டம் நடக்கும் இடத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளைக்கு எந்தெந்தத் தெருவில் மின்தடை, எந்தக் கோயிலில் சொற்பொழிவு, எங்கே கண் சிகிச்சை முகாம் என்று உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் தினமும் வருகிறது. அந்தப் பத்தியில் இரண்டு வரி இடம் கேட்டு இதை எழுதுகிறேன். குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நம் மாவட்டத்தில் எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்ற விவரம் அதில் வர வேண்டும். ஏ.ஏ. என்றுதான் எங்களுக்குள் சொல்வோம்.

நான் தையற்காரன். இருபத்திரண்டு வருடம் குடித்தவன். கடைசி நான்கைந்து வருடங்களில் காலையில் ஊசியில் நூல் கோக்க வராது. கை அப்படி நடுங்கும். என் மனைவி வேலைக்குப் போகும் முன் பத்து ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சுப் பொட்டணத்தில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும்வரை அந்த ஊசிகளை வைத்துக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். ஒரு குவார்ட்டர் உள்ளே போன பிறகுதான் மெஷினில் உட்கார முடியும்.

'அவருக்குத் தெரியாமலே காப்பியில் கலந்து கொடுங்கள்' என்ற சுவர் விளம்பரத்தைப் பார்த்து அவள் 1,800 ரூபாய்க்கு ஒரு பொடி வாங்கினாள். என்ன மருந்து என்று உறையில் ஒரு எழுத்து இல்லை. இரண்டு நாள் வாந்தி, மூன்றாம் நாள் மறுபடியும் கடை. (இந்த மாதிரி வரி விளம்பரங்களைப் பத்திரிகைகளிலும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கோபிக்கக் கூடாது.)

பிறகு யாரோ கொடுத்த பழைய துண்டுப் பிரசுரத்தில் ஏ.ஏ. கூட்டத்தின் முகவரி இருந்தது. நாற்பது நிமிடம் பஸ்ஸில் போனேன். பள்ளிக்கூட வாசலில் இருந்த காவலாளி, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றார். குடியை விடுகிற கூட்டம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "கூட்டம்..." என்று இழுத்தேன். "இன்றைக்கு இங்கே ஒரு கூட்டமும் இல்லையே" என்றார். கூட்டம் வேறு இடத்துக்கு மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பஸ் நிலையத்துக்குத் திரும்பினேன். அங்கே கடை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு தப்பான முகவரிக்கு நான் கொடுத்த விலை எட்டு மாதம்.

எட்டு மாதம் கழித்து அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுக்கையில் இருந்தேன். இதைப் படிக்கிற குடும்பத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்; கூட்டம் அதற்குப் பதில் ஆகாது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு நர்ஸம்மா என் ஓ.பி. சீட்டின் பின்புறம் 'சனி, 7 மணி' என்று எழுதி, சரியான இடத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அது வேறொரு பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. கையெழுத்து வாங்கவில்லை, சாதி, மதம், கட்சி எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையை மட்டும் சொன்னார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்திமதியும் இல்லை. எனக்கு அதுவே புதிது. புத்திமதி கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவன் நான். பிறகு டீ வந்தது. செலவுக்கு ஒரு தகர டப்பா கை மாறியது. என்னிடம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர், "புதிதாக வந்தவர்கள் போட வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டார். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் நுழைவுச் சீட்டு. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரும் தொடங்கியதாம் இந்த அமைப்பு.

வெளியே பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் மரபு. அதனால்தான் கீழே என் பெயர் இல்லை. ஆனால் மறைக்க வேண்டியது ஆளின் பெயரைத்தானே, கட்டடத்தின் முகவரியை எதற்கு மறைக்க வேண்டும்? இது அமைப்பின் சார்பில் எழுதும் கடிதம் அல்ல, என் சொந்த ஆதங்கம். வாரம் ஒரு நாள் போட்டால் போதும். குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்தையும், குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் எது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கூட்டம் இல்லாத ஊர்க்காரர்களுக்கு 14446 என்ற அரசின் இலவச உதவி எண்ணையாவது போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் நிருபர் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். பழைய முகவரி போடுவதைவிடப் போடாமலே இருந்துவிடலாம்.

இப்போது சனிக்கிழமைகளில் ஆறரை மணிக்கே போய், கூட்டம் இப்போது நடக்கிற பள்ளி வாசலில் காவலாளிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். "கூட்டம்..." என்று யாராவது இழுத்தால், "உள்ளே இடது பக்கம், இரண்டாவது அறை" என்று சொல்வதற்காக.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
தஞ்சாவூர் மாவட்டம்.